செவ்வாய் கிட்டே வந்த வருஷம்

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு முந்தைய வருஷம், மலாக்காவில் வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். பொதுப்பணி இலாகாவில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பாவை, அம்மா ஒரு தையல் மெஷின் வாங்கிவர அனுப்பினாள். அவர் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தது முக்காலி வைத்த ஒரு பித்தளைத் தொலைநோக்கி. "இதுல துணி தைக்க முடியாதுதான்," என்று அவரே சொல்லிக்கொண்டார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

காஜா பெராங்கில் எங்கள் பலகை வீட்டின் பின்புறம், கிணற்றடிச் சிமெண்டுத் தரையில் அதை நிறுத்தினோம். அப்பாவின் ஆசை ஒரே மாதத்தில் தீர்ந்தது. எனக்குத்தான் அது தொற்றிக்கொண்டது. விளக்கு வைத்ததும் அடுப்பு வேலையை முடித்துவிட்டு ஓடுவேன். பக்கத்து வீட்டு ரேடியோவில் மலாய்ப் பாட்டு கேட்கும். தெருவிளக்கு குறைவு, அதனால் வானம் நிறைய இருந்தது. இப்போது அந்த வீடும் இல்லை, அந்த இருட்டும் இல்லை. நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

நிலாவின் குழிகளைப் பார்த்தேன். வியாழனுக்குப் பக்கத்தில் வரிசை கட்டி நிற்கும் அதன் நிலாக்களைப் பார்த்தேன். கோயிலில் சனீஸ்வரனுக்கு நேரே நிற்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அதனால் சனியைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் பக்கவாட்டில் நின்றுகொள்வேன். கண் என்னவோ நேராகத்தான் பார்த்தது.

செவ்வாயை மட்டும் பார்க்கக் கூடாதென்று அம்மா தடுத்திருந்தாள். எனக்குச் செவ்வாய் தோஷம். என்னைக் கட்டுகிறவனுக்கு ஆகாது என்று பேச்சு. என்னைக் கேட்டு வந்த மூன்று இடங்களும் ஜாதகத்தைப் பார்த்ததும் கோப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டன. செவ்வாய்க்கிழமைதோறும் அம்மா கோயிலுக்குத் துவரை கொடுத்தாள். துவரை தீர்ந்ததே தவிர தோஷம் தீரவில்லை.

அந்த வருஷம் பார்த்துத்தான் செவ்வாய் பூமிக்குக் கிட்டே வந்தது. தென்னை மரங்களுக்கு மேலே பெரிதாகச் சிவந்து நின்றது. "ஒன்னத் தேடித்தான் வந்திருக்கு, உள்ள போ," என்றாள் அம்மா. அவள் கோயிலுக்குப் போயிருந்த ஒரு மாலையில் பார்த்தேவிட்டேன். ஒரு துவரம்பருப்பு அளவுக்குச் சிவப்பு, அவ்வளவுதான். பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

நாலாவது இடம் கிளேபாங்கிலிருந்து வந்தது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். அம்மா ஒரே பொய்யில் முடிக்கப் பார்த்தாள். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் ஜாதகம் தொலைந்துவிட்டது என்று தரகரிடம் சொல்லி அனுப்பினாள். ஜாதகமோ அலமாரி இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. இதுவும் தவறினால் இனி யாரையும் வரச் சொல்லப் போவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் போட்டோ எனக்குப் பிடித்திருந்தது, நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மாப்பிள்ளையும் விதவையான அவருடைய தாயாரும் விளக்கு வைத்த பிறகு வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டதும் அந்தம்மாவைக் கை கழுவப் பின்பக்கம் அழைத்துப் போனேன். சாரோங் துணி போட்டு மூடியிருந்த தொலைநோக்கியைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"அந்தா செவப்பா நிக்குதே, அதக் காட்டு."

"அது செவ்வாய்ங்க."

"தெரியும். காட்டும்மா."

சமையலறை வாசலில் அம்மா முகம் வெளுத்து நின்றாள். நான் குழாயைத் திருப்பிக் கொடுத்தேன். குனிந்த அந்தம்மா வெகுநேரம் நிமிரவில்லை. செவ்வாய் நகர நகர நான் குழாயைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இம்புட்டுத்தானா?" என்றார் கடைசியில். "என் தங்கச்சிக்கு இது இருந்துச்சும்மா. கேட்டு வந்தவங்களையெல்லாம் நாங்களே திருப்பி அனுப்பிட்டோம். ஜப்பான்காரன் காலத்துல காய்ச்சல்ல போயிட்டா. கழுத்துல தாலி ஏறாமலே." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கு மேல் அவரை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. "எனக்கும் இருக்குங்க. ஜாதகம் தொலையல. உள்ள அலமாரி லாச்சியில இருக்கு," என்றேன். போட்டோவில் இருந்தவரை அன்றோடு மறந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவர் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார். பின்னாலேயே ஓடிய அம்மா, "ஜாதகம் வந்து..." என்று இழுத்தாள்.

"தொலஞ்சிருச்சுன்னுதான சொன்னீங்க? தொலஞ்சே இருக்கட்டும். பூ வைக்க நாள் பாருங்க," என்றார் அந்தம்மா.

கிணற்றடியில் நான் சொன்னதை அவர் தன் மகனிடம்கூடச் சொன்னதில்லை. என் முதல் பெண் பிறந்தபோது, தன் தங்கையின் பெயரை வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வைத்தோம். பிள்ளைக்கு ஜாதகம் எழுத ஆளைக் கூப்பிடட்டுமா என்று அம்மா கேட்டாள். நானும் மாமியாரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம்.