கால் நகத்துக்கு ஒரு சின்ன பாட்டில்

கட்டைவிரல் நகம் மஞ்சளாகி ஓடு மாதிரி தடிச்சுப் போச்சு. காலையில டாக்டர்கிட்ட காட்டுனேன்.

"பூஞ்சைத் தொற்று. மாத்திரைன்னா லிவர் டெஸ்ட் எடுக்கணும். முதல்ல இந்த மருந்தை வாரம் ஒரு தடவை நெயில் பாலிஷ் மாதிரி பூசுங்க. புது நகம் வளர ஒரு வருஷமாவது ஆகும். கால்ல ஈரம் படக்கூடாது."

"உப்பளத்துல வேலைங்க."

"பூட்ஸ் போடுங்க."

"பாத்தித் தரை கெட்டுடும்னு மேஸ்திரி விடமாட்டாருங்க."

டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டு மருந்து பாட்டிலை எடுத்துக் குடுத்தார்.

மதியம் வரப்புல உட்கார்ந்து, காலைத் துடைச்சுப் பூசுனேன். "ஏம்பா, உனக்குக் கல்யாணமா?"ன்னு எல்லாரும் ஒரே சிரிப்பு.

சிரிச்சு முடிச்சதும் மேஸ்திரிதான் முதல்ல செருப்பைக் கழட்டிக் காலை நீட்டுனாரு. பத்து நகமும் மஞ்சள். அவருக்குப் பின்னாடி வரிசை நின்னுது.

மாசக்கணக்குல வர வேண்டிய பாட்டில் சாப்பாட்டு நேரத்துலயே காலி. டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது? நீங்களே சொல்லுங்க.