தங்கையின் குரல்

காலையில் நாரணாபுரம் போகும் கம்பெனி வேனில் என் தங்கை ஏறிவிட்டால் யாருக்கும் தூக்கம் வராது. பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன் தொண்டையைச் செருமுவதிலிருந்து, "ஏலே, லோடு வந்திருச்சு, அங்கன என்ன பேச்சு?" என்று அதட்டுவது வரை அப்படியே பேசிக் காட்டுவாள். நானும் மற்ற பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். கொஞ்சம் கரகரத்த, கனத்த குரல் தங்கைக்கு. அவளுடைய நடிப்பெல்லாம் அந்தக் குரலிலிருந்துதான் தொடங்கியது.

கல்லூரி விடுமுறைகளில்தான் அவள் வேலைக்கு வந்தாள். கல்லூரி நாடகத்தில் அவளைப் பார்த்த ஒருவர் குறும்படத்தில் நடிக்க அழைத்தார்; அது அவளைச் சென்னைக்குக் கொண்டுபோனது. நாயகியின் தோழியாக, பக்கத்து வீட்டுப் பெண்ணாக, இரண்டு வரி பேசும் நர்ஸாக நடித்தாள். அந்த இரண்டு வரியையும் டப்பிங்கில் வேறு யாராவது பேசியிருப்பார்கள். "சின்ன வேஷம்தானக்கா, பொறு" என்பாள். பொறுத்தோம்.

பிறகு எங்கள் ஊர்க் கதை ஒன்றில் அவளே நாயகி. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். சாத்தூர்ப் பக்கம் படப்பிடிப்பு. மற்ற நடிகர்களுக்கு எங்கள் பேச்சைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். இந்தப் படத்திலாவது அவளுக்குப் பதில் வேறு யாரும் பேச முடியாது என்று நம்பினேன்.

படம் வந்த அன்று கம்பெனிப் பெண்கள் எல்லோரும் சிவகாசித் தியேட்டரில் இருந்தோம். திரையில் அவள் முகம் வந்ததும் விசில் பறந்தது. வாயைத் திறந்தாள். மெல்லிய குரலில் யாரோ ஒருத்தி, எந்த ஊரிலும் யாரும் பேசாத ஒரு பேச்சைப் பேசினாள். அம்மா என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, இது நம்ம பிள்ள கொரல் இல்லையே? மிஷின்ல எதும் கோளாறா?"

அன்றே தங்கையைப் போனில் கேட்டேன். "தொண்டை கட்டுற வரைக்கும் நின்னு, படம் முழுக்கப் பேசிக் குடுத்தேன்க்கா. ஹீரோயினுக்கு இந்தக் கொரல் செட்டாகாதுன்னு மாத்திட்டாங்க. எங்கிட்ட சொல்லக்கூட இல்ல. நானே தியேட்டர்ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

படம் ஓடோ ஓடென்று ஓடியது. பேருந்து நிலையத்தில் அவள் சிரிக்கும் பேனர். "உங்க தங்கச்சி எம்புட்டு அழகாப் பேசுறாக!" என்று வழியில் நிறுத்திச் சொல்கிறார்கள். அடுத்த படத்தில் நானே பேசுகிறேன் என்று தங்கை கேட்டுப் பார்த்தாள். யோசிப்பதாகச் சொன்னவர்கள் அந்த வேடத்தை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அவள் கேட்பதில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

போன மாதம் இணையத்தில் அவளுடைய பேட்டி வந்தது. என் செல்போனைக் காதருகே வைத்துக் கேட்ட அம்மாவின் முகம் மலர்ந்தது. "இந்தா, இதுதான் எம் பிள்ள." பேட்டிக்குக் கீழே பார்வையாளர்கள் எழுதியிருந்ததை நான் படித்தேன். இந்த முகத்துக்கு இப்படி ஒரு குரலா, படத்தில் பேசுவதுபோல் சொந்தக் குரலில் பேசினால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். அதை ஆமோதித்துப் பலர்.

"என்ன எழுதியிருக்காக?" என்றாள் அம்மா.

"நல்லாப் பேசுறாளாம்."

"பெறகு, பேச மாட்டாளா?" என்றவள், மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னாள்.