இடுப்புக்குப் போன கை

போன வாரம் போட்டாதாங் படகுத்துறைக் கிடங்கில் துப்பாக்கி வெடித்த செய்தி உங்களுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? ரங்கூனில் இதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஒரே ஜீவன், அந்தக் கிடங்கில் எலி பிடிக்க வளர்க்கிற பூனைதான்.

எனக்கு அபிப்பிராயத்தோடு ஒரு சங்கடமும் உண்டு. வெடித்தபோது நான் அந்த அறையில் இருந்தேன்.

கிடங்கின் ஸ்டோர் கீப்பர் சேவியர் என் பள்ளித் தோழர். மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள் நாங்கள். கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் குமாஸ்தாவான நான், செவ்வாய்க்கிழமை காலை ஒரு கையெழுத்துக்காக அவரிடம் போயிருந்தேன். அதற்கு முதல் நாள்தான் அரிசி மூட்டை இரண்டு குறைகிறது என்று சுமை தூக்குகிற ஆட்களை அவர் திருடர்கள் என்று திட்டித் தீர்த்திருந்தார். திட்டிய பிறகு பயம் வந்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த கம்பெனியின் இரட்டைக்குழல் துப்பாக்கி, அன்று மேஜைக்கு இறங்கியிருந்தது.

அந்த ஆட்களின் மேஸ்திரி கோ மியா வாசலில் வந்து நின்றார். பர்மியர். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. சேவியரைப் பார்த்தார். இரண்டு கையும் இடுப்புக்குப் போயிற்று...

டுமீல்.

கத்தியை எடுத்தான், தற்காப்புக்குச் சுட்டேன் என்கிறார் சேவியர். லுங்கியை அவிழ்த்துக் கட்டினேன் என்கிறார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் கோ மியா.

இந்த ஊரில் ஓர் ஆண்பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை முறை லுங்கியை அவிழ்த்துக் கட்டுகிறான்? பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஒரு முறை. டீக்கடையில் எழுந்தால் ஒரு முறை. மேலதிகாரியின் அறை வாசலில் நிச்சயமாக ஒரு முறை... இரு பக்கமும் விரித்து, உதறி, இறுக்கிச் சொருகிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறப்பான். அது மரியாதை. ஆபீஸ் கால்சட்டையைக் கழற்றிய மறு நிமிடம் சேவியரும் அப்படித்தான். நானும் அப்படித்தான்.

செய்தி முதலில் ஊருக்குள் தலைகீழாக வந்து சேர்ந்தது. பர்மாக்காரர் ஒருவர் தமிழரைச் சுட்டுவிட்டார் என்று! எங்கள் தெரு டீக்கடை கொதித்தது. இந்தியன், அவர்கள் வாயில் 'கலா', என்றால் அவ்வளவு இளக்காரமா, கை இடுப்புக்குப் போனதற்கெல்லாம் சுடுவதா, இதற்குப் பெயர் தற்காப்பா என்று மேஜையைக் குத்தினார்கள். மறுநாள் காலை, சுட்டவர் தமிழர், விழுந்தவர் பர்மியர் என்று தெளிவாயிற்று. அதே மேஜை, அதே ஆட்கள். கை இடுப்புக்குப் போனால் வேறென்ன செய்வது, ஆரத்தி எடுப்பதா என்று கேட்டார்கள்.

எதிர்சாரிப் பர்மியர் டீக்கடை மட்டும் என்ன வாழ்ந்ததாம்? அங்கே முதல் நாள் தற்காப்பு, இரண்டாம் நாள் இனவெறி. இரண்டு கடைகளும் வாதங்களைக் கைமாற்றிக்கொண்டன, அவ்வளவுதான்.

இதற்கிடையில் அந்தக் கத்தி வளர ஆரம்பித்தது. புதன்கிழமை விரல் நீளம் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து சர்ச் வாசலில் கேட்டபோது முழ நீளம். போலீஸ் அந்த இடத்தில் கண்டெடுத்ததோ பாதி குடித்த ஒரு சுருட்டு!

விசாரணைக்கு முந்தின மாலை காதர் பாய் என் வீட்டுக்கு வந்தார். மளிகைக் கடைக்காரர், எங்கள் வட்டாரத்தில் எந்த வழக்கென்றாலும் அவரிடம்தான் போய் நிற்போம். பாய் நல்ல மனிதர். சேவியர் இந்த ஊரிலேயே பிறந்தவர்தான், ஆனால் கையில் இருப்பது வெளிநாட்டார் பதிவுக் கார்டு என்று நினைவுபடுத்தினார். குற்றம் நிரூபணமானால் ஜெயில். ஜெயில் முடிந்தால் கப்பல். பார்த்தேயிராத ஒரு தேசத்துக்கு மனைவியையும் மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு அவர் எங்கே போவார்? இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, கத்தியைப் பார்த்தேன்னு நீங்க சொல்ல வேணாம். பார்க்கலைன்னு சொல்லாம இருந்தாப் போதும்."

எவ்வளவு நாகரிகமான வேண்டுகோள்! பொய் சொல்லச் சொல்லவில்லை. கொஞ்சம் ஞாபகமறதி போதும்.

தூக்கம் வரவில்லை. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோ மியாவின் இடது முழங்கை முழுக்கக் கட்டு. இனி மூட்டை தூக்க முடியாதென்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கட்டில் காலடியில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கத்தி இருந்ததென்று முடிவானால் அங்கிருந்து நேரே லாக்கப். அன்று எதற்காக ஓடி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"குறைஞ்ச மூட்டை ரெண்டும் பக்கத்துக் கிடங்குல இருக்கு, ஸயா," என்றார் பர்மிய மொழியில். "நாங்க திருடலைன்னு சொல்ல வந்தேன்."

அங்கிருந்து நேரே விசாரணைக்குப் போனேன்.

விசாரணை அறையில் தமிழர்கள் ஒரு பக்கம், பர்மியர்கள் ஒரு பக்கம். கல்யாணத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் உட்காருவார்களே, அப்படி. நான் எழுந்து உள்ளதைச் சொன்னேன். கத்தி இல்லை. அவர் லுங்கியைத்தான் கட்டினார். சேவியரின் மனைவி பிலோமினா முகத்தைத் திருப்பிக்கொண்டார். காதர் பாய் குனிந்து தொப்பியைச் சரிசெய்தார். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் உங்களிடம் மறைப்பானேன்? உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் இருந்தது. ரங்கூனிலேயே ஒரே நியாயஸ்தன் நான்தான் என்று இரண்டு நிமிடம் நிமிர்ந்து நின்றேன்.

விசாரணை அதிகாரி வயதான பர்மியர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ரகம். லுங்கி என்று உங்களுக்குத் தெரிந்தது சுடுவதற்கு முன்பா, பின்பா என்று கேட்டார்.

பின்புதான், பாதி கட்டிய லுங்கியோடு அவர் விழுந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் என்றேன்.

முன்பு எங்கே இருந்தீர்கள் என்றார்.

இதை உங்களிடமும் இதுவரை சொல்லவில்லை, பாருங்கள். கோ மியாவின் கை இடுப்புக்குப் போனதுமே நான் மேஜைக்கு அடியில் போய்விட்டேன். துப்பாக்கி வெடித்த சத்தத்தை அங்கிருந்துதான் கேட்டேன்.

"ஏன் ஒளிஞ்சீங்க?"

"கத்தி எடுக்கிறார்னு நினைச்சேன்."

"வந்தது ஒரு தமிழரா இருந்தா?"

மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். முடியவில்லை.

"லுங்கி கட்டறார்னு நினைச்சிருப்பேன்."

அதிகாரி அதையும் நிதானமாக எழுதிக்கொண்டார்.

அன்று மாலையே கோ மியாவின் கட்டிலடியிலிருந்து போலீஸ்காரரின் ஸ்டூல் போய்விட்டது. சேவியரின் வழக்கு கோர்ட்டுக்குப் போகிறது. பயம் உண்மையானது என்பதற்கு என் வாக்குமூலம் சாட்சி என்கிறார் அவருடைய வக்கீல். அந்தப் பயம் பர்மியரைக் கண்டால் மட்டும் வருகிறது என்பதற்கும் அதுவே சாட்சி என்கிறார் எதிர்த்தரப்பு வக்கீல். என் வார்த்தை இரண்டு பேருக்கும் வேண்டியிருக்கிறது. நான்தான் யாருக்கும் வேண்டாதவனாகிவிட்டேன். பிலோமினா என்னைக் கண்டால் சாலையைக் கடந்து போகிறார். என் பர்மிய சக குமாஸ்தா டீக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

சேவியர் குற்றவாளியா இல்லையா என்று கோர்ட் சொல்லட்டும். ஆனால் அன்று நான் ஒருவரையும் சுடாத உத்தமனாக இருந்தேனே, அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். துப்பாக்கி என் கைக்கு எட்டவில்லை.