டாக்டரம்மா கேட்ட கேள்வி

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓடைக்கரையில் மாணிக்கக்கல் தோண்டுகிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்த இரகசியம். அனுமதி கினுமதி எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் குழிக்குள் இறங்கி, இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்று மண்ணை அரிப்பார்கள். சித்தப்பாவுக்கு நீலக்கல் கிடைக்கும் என்று ஒரு ஜோசியக்காரன் சொல்லியிருந்தான். கிடைத்ததென்னவோ கூழாங்கல்தான். அதையும் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எறிவார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவருக்குக் காய்ச்சல் கண்டது. கண்கள் சிவந்து, கெண்டைக்கால் வலியில் நடக்க முடியாமல் கிடந்தார். கொத்தமல்லிக் கசாயம், தோட்டத்து டிஸ்பென்சரி மருந்து, கோயில் திருநீறு எல்லாம் பார்த்தாயிற்று. நாலாம் நாள் அப்பா அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக த்ரீவீல் ஆட்டோவில் ஏற்றினார். கூடவே என்னையும். அங்கிருந்த டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது. அப்பாவின் சிங்களம் கடைத்தெருவோடு சரி. வீட்டில் ஹட்டன் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்த மேதாவி நான் ஒருத்திதான்.

வழியில் சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். நெருப்பாகச் சுட்டது.

"குழியில எறங்குனத மட்டும் சொல்லிறாத புள்ள. போலீசு வந்தா அப்பாவையும் புடிச்சிக்கிட்டுப் போயிருவாங்க."

அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

டாக்டரம்மா முதலில் கேட்டதே அதைத்தான். வயலில் வேலை செய்தாரா, சேற்றுத் தண்ணீரில் நின்றாரா? "நே" என்றேன். சிங்களத்தில் இல்லை என்று சொல்வது அவ்வளவு சுலபம். தேயிலை மலையில் மட்டும்தான் வேலை என்று, யாரும் கேட்காமலே, ஒரு வாக்கியம் சேர்த்தும் விட்டேன். நன்றாகப் பேசுகிறாயே என்று அவர் என் கன்னத்தைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாள் காலையில் நாங்கள் வார்டுக்குப் போனபோது சித்தப்பாவுக்கு மூச்சு இரைத்தது. இருமினார். வாயைப் பொத்திய துவாய் சிவந்தது. மறுபடி இருமினார், இரத்தம் நுரைநுரையாக வந்தது. டாக்டரம்மா ஓடிவந்து, என் முகத்துக்கு நேரே குனிந்து, அதே கேள்வியைக் கேட்டார். நான் மறுபடியும் "நே" என்றேன். சொன்ன சொல் மாறாத பிள்ளை அல்லவா!

அப்பா என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். "மெனிக் வல, மிஸ்... மட வத்துர." மாணிக்கக் குழி, சேற்றுத் தண்ணீர். திக்கித் திக்கி அதைச் சொல்லிவிட்டு, விலங்கு மாட்டிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றார். டாக்டரம்மா அந்தக் கைகளைப் பார்க்கவேயில்லை. "மீ உண!" என்று நர்ஸிடம் கத்தினார். எலிக்காய்ச்சல். அது எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து தொற்றுகிறது, நுரையீரலுக்குள் இரத்தம் கசியத் தொடங்கினால் பிழைப்பது அரிது என்பதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டவை. ஊசி மேல் ஊசி போட்டார்கள். சாயங்காலம் சித்தப்பா போய்விட்டார். போலீஸ் யாரும் வரவில்லை.

முதல் நாளே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? எந்த டாக்டரிடமும் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

கருமாதிக்கு வந்த குழிக்காரர்கள் அப்பாவிடம் என்னை மெச்சினார்கள்.

"ஒங்க புள்ள கெட்டிக்காரிங்க. கடேசி வரைக்கும் எங்க யாரையும் காட்டிக் குடுக்கல."

அப்பாவும் ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதன்பிறகு தபாலாபீசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ சிங்களம் பேச என்னை அவர் கூட்டிப்போனதே இல்லை. நான் பேசிய சிங்களத்தில் ஏதோ பிழை இருந்திருக்கிறது, அதுதான் கோபம் என்று எண்ணிக்கொண்டேன். டாக்டரம்மாவிடம் சொன்ன அந்த வாக்கியத்தை வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஒரு பிழையும் அகப்படவில்லை.