தறிச் சத்தம் நின்றால்

குமாரபாளையத்தில் எங்கள் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தறிப்பட்டறை. தறி ஓடினால் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும். என் நாத்தனார் விருந்துக்கு வந்தபோது காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு சோறு தின்றாள், பாவம். ஆனால் அந்தச் சத்தம் நின்றாலே என் நெஞ்சு நடுங்கிய காலம் ஒன்று உண்டு.

தறி ஓட்டுகிற என் மகனுக்குச் சொரியாசிஸ். கை, முதுகு, தலை எல்லாம் செதிலாக உதிரும். ஒட்டாது என்று டாக்டர் சொன்னார், சனம் கேட்குமா? ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார். அதோடு இவன் விசேஷங்களுக்குப் போவதை விட்டான். பிறகு பேச்சும் குறைந்தது, சோறும் குறைந்தது.

"நான் இருந்து யாருக்கும்மா ஆகப்போவுது?" என்றான் ஒருநாள், தட்டைப் பார்த்தபடி.

அன்றிலிருந்து என் காது சுவரிலேயே கிடந்தது. தறி நின்றால் டீயோடு ஓடுவேன். நூல் அறுந்திருக்கும், முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பான். கரண்டு போனால்தான் பெரும் பயம். வீதித் தறி மொத்தமும் நின்றுவிடும். அவன் இருக்கிறானா இல்லையா, எதைக் கேட்டு அறிவது?

அப்படி ஒரு மதியம் ஓடினேன். பட்டறையில் ஆளில்லை. செருப்பு மட்டும் கிடந்தது. வீதிக் கோடியில் காவிரி. கொல்லைப்பக்கம் போனால், சட்டையில்லாமல் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். கொஞ்சம் வெயில் படட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

"ஏம்மா இப்படி மூச்சு வாங்கற?"

"ஆத்துக்குப் போயிட்டயோன்னு..."

அவன் சிரிக்கவில்லை. "நெனச்சதுண்டும்மா. நேத்துக்கூட."

அவன் முதுகைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

"இதையும் டாக்டருகிட்டச் சொல்லு சாமி. நானும் வாரேன்."

"அவரு தோல் டாக்டரும்மா."

"அவரு கைகாட்டற எடத்துக்குப் போலாம், எந்திரி."

அன்றைக்கே போனோம். அவர் மனசுக்குப் பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினார். இப்போது தோலுக்கும் மருந்து, மனசுக்கும் மருந்து. செதில் வரும், போகும். என் பயமும் அப்படித்தான். ஆனால் கரண்டு போன உடனே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்:

"இருக்கறேம்மா!"

"ஏனுங்க அக்கா, உங்க ஊட்டுச் சேவல் கரண்டு போனாத்தான் கூவுமுங்களா?" என்பாள் எதிர்வீட்டுக்காரி.

கூவட்டுமே. டீ வேண்டாம் என்பான். நான் கொண்டுபோவேன்.