தவக்காலத்தில் தின்ற ஈரல்

எழுபதுகளில், சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. பகலில் செடிக்கடியில் ஊரும் அட்டையைக்கூடக் கண்டுபிடித்துவிடுவேன். வெளிச்சம் மங்கினால் எங்கள் வீட்டு வாசற்படியே தெரியாது. ஒரு சாயங்காலம் தண்ணீர்க் குடத்தோடு படியில் உருண்டேன்.

"ஏட்டி, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று அம்மா கத்தினாள்.

"ஒண்ணும் தெரியலம்மா" என்றேன். என் குரலில் என்ன கேட்டதோ, மறுநாள் வேலைக்குப் போகாமல் என்னைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போனாள்.

கம்பவுண்டர் என் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். கஞ்சி, கப்பைக்கிழங்கு, துவையல், பால் விடாத கட்டன்சாயா என்று பெருமையாக ஒப்பித்தேன். எங்களிடம் ஒரு பசு இருந்தது. அதன் பால் முழுவதும் மானேஜர் பங்களாவுக்குப் போனது.

"மாலைக்கண்ணு. ஆட்டு ஈரல் கொடுங்க, பாலும் கொடுங்க. விட்டா பார்வையே போயிடும்" என்றார்.

"இது தவசு நாளுல்லா, ஐயா" என்றாள் அம்மா. ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் கறி கிடையாது. அவளாவது தயங்கியதோடு சரி. புனிதையாகிவிடுவதென்று முடிவு செய்திருந்த நான், ஈரல் தின்றால் நரகம்தான் என்று வீடு வந்ததும் அழுது புரண்டேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பங்குச் சாமியாரைப் பார்க்கக் கோயிலுக்கு நடந்தார். அப்படியே பூப்பாறைக்கு இறங்கி, இலையில் பொதிந்த ஈரலோடு திரும்பினார்.

"சாமி என்ன சொன்னாவ?" என்று அம்மா கேட்டாள்.

"நோன்பு வளந்தவங்களுக்குத்தானாம். பிள்ளைக்குக் கண்ணு போனா சேசு சந்தோசப்படுவாரான்னு என்னையவே கேட்டாவ."

அம்மா மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கினாள். முதல் துண்டை அழுதுகொண்டே தின்றேன், இரண்டாவதை அவசரமாக. கறிப்பிரியரான அப்பா சட்டிப் பக்கம் திரும்பாமல் கஞ்சியைக் குடித்தார். மறுநாள் முதல் பங்களாவுக்குப் பால் பாதியானது. கேட்க வந்த சமையல்காரரிடம், "பசுவுக்குப் பால் வத்திப்போச்சு" என்று அம்மா கூசாமல் சொன்னாள். தவக்காலத்தில் பொய்! ஈரலைவிட அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது.

இரண்டு வாரத்துக்குள் சாயங்காலம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. மலைமேல் இறங்கும் மஞ்சுமூட்டம் தெரிந்தது, கூட்டுக்குப் போகும் கோழி தெரிந்தது. லயத்து முற்றத்தில் ஓடிப்பிடிக்கும் ஆட்டத்துக்கு மறுபடி போனேன். அன்று என்னை வெல்ல ஆளில்லை. பொழுது சாயச் சாயப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடுவதையே நிறுத்தி, சுவரில் கையை ஊன்றி நின்றாள். அவள் தங்கை அவள் பாவாடையைப் பற்றிக்கொண்டாள். எதிரிலேயே போய் நின்று இருவரையும் தொட்டேன். அப்போதும் அவர்கள் நகரவில்லை.

"ஓடத் தெரியாத சோம்பேறியளா!" என்று கைகொட்டிச் சிரித்தேன். என் கால்களின் வேகம்தான் ஜெயித்தது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.