ஐஸ் மீன் என்று பேர் வாங்கிய என் சங்கரா

இன்று காலை காரைக்கால்மேட்டில் நான் செய்த பீங்கான் மீனுக்கு ஒரு பெரிய கௌரவம் கிடைத்தது. சிரித்துச் சிரித்து வயிறு இன்னும் வலிக்கிறது.

அப்பாவின் பிரெஞ்சு வீட்டில் புழங்கும் மூடி போட்ட சூப் கிண்ணத்தை, அம்மா ஊர் சங்கரா மீன் உருவத்திலேயே செய்திருந்தேன். கீழ்ப்பாதி கிண்ணம், மேல்பாதி மூடி. கடலோரத்தில் படம் எடுக்கக் கொண்டுபோனேன். பையில் போனைத் தேடும் நேரத்துக்கு அதை மீன் விற்கும் செல்வி அக்காவின் குவியல் ஓரமாக வைத்தேன்.

மீன் வாங்க வந்த ஒருவர் நேராக என் சங்கராவின் செவுளை விரலால் நெம்பிப் பார்த்தார். திறக்கவில்லை.

"என்னக்கா, கல்லு மாதிரி இருக்கு? ஐஸ் மீனா? செத்து ரெண்டு நாள் ஆயிருக்கும்."

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கிட்டயா ஐஸ் மீனு? இப்பதாங்க போட்டுலேர்ந்து எறக்குனது!" என்று, பார்க்காமலே மீனைப் பிடித்துத் தூக்கினார். மேல்பாதி மட்டும் கையோடு வந்தது.

வாங்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அட, குடலெல்லாம் எடுத்து சுத்தம் பண்ணியே வச்சிருக்கீங்களே!"

நான் சிரிப்பு தாங்காமல் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதம் நடந்த என் பீங்கான் கண்காட்சியைப் பார்த்த விமர்சகர் ஒருவர், என் மீன்களில் உயிரே இல்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான், ஐயா. ஆனால் செத்து ரெண்டு நாள்தான் ஆகிறதாம்.